குளிர்கால வார இறுதிகளில் இங்கிலாந்தின் வட நகரங்களையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் வெளிவரும் சுற்றுலாப் பகுதியைத் தவறாமல் படித்து வருகிறேன். இங்கிலாந்தைப் பற்றி அதில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் லண்டனோடு நின்றுவிடுகின்றன. ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான கோடைக்காலமே அங்குச் செல்லத் தகுந்த காலம் என்றும், குளிர்காலத்தில் பார்ப்பதற்கு அதிகமில்லை என்றும் அவை சொல்லிவிடுகின்றன. மேற்படிப்புக்காகவும் தாதிமைப் பணிக்காகவும் மலேசியாவிலிருந்து நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் அந்நாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் நிலையில், இந்தக் கருத்து அவர்களையும் அவர்களைப் பார்க்கச் செல்லும் பெற்றோரையும் ஒரு நல்ல வாய்ப்பிலிருந்து விலக்கி வைக்கிறது என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். வடஇங்கிலாந்தின் ஆலை நகரங்களும் துறைமுக நகரங்களும் தோட்டப்புறத்தில் பிறந்த நமக்கு லண்டனைக் காட்டிலும் நெருக்கமானவை. அவற்றைப் பார்க்கக் குளிர்காலத்து வார இறுதிகள் மிகவும் ஏற்றவை.

நான் பெஸ்தாரி ஜெயாவில், நம்மவர் பேச்சில் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தையாகவே இருக்கும் ஊரில், பிறந்து வளர்ந்தவள். தாயார் பால்மரம், அதாவது இரப்பர் மரம், வெட்டினார். தந்தையார் செம்பனைக் குலை வெட்டினார். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பின், லீட்ஸ் நகரில் முதுகலை படித்துக்கொண்டிருந்த எங்கள் இளைய மகளோடு நானும் என் கணவரும் ஒரு குளிர்காலத்தைக் கழித்தோம். வார நாள்களில் அவள் வகுப்புக்கும் நூலகத்துக்கும் சென்றுவிடுவாள். சனி, ஞாயிறுகளில் மூவருமாக இரயிலேறி அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போய்வந்தோம். கீழே எழுதுபவை அப்படிக் கண்டவையும், காண்பதற்கு முன்னும் பின்னும் படித்துத் தெரிந்துகொண்டவையுமாகும்.

முதலில் குளிரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நம்மவர் தயங்குவது அதற்காகத்தான். லீட்ஸ் வட்டாரத்தில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் பகல்நேர வெப்பநிலை பெரும்பாலும் பத்துப் பாகைக்குக் கீழேதான் இருக்கும். இரவில் உறைநிலைக்கு இறங்கும். பனி கொட்டும் நாள்களைவிட மழை தூறும் நாள்களே அதிகம். ஒரே தடித்த மேலங்கியை நம்பாமல், உள்ளே மெல்லிய ஆடைகளை அடுக்கி உடுத்தி, மேலே நீர் புகாத சட்டை ஒன்றும், வழுக்காத அடிப்பாகம் கொண்ட காலணியும் அணிந்துகொண்டால் அறுபது வயதைத் தாண்டியவர்களாலும் தாராளமாக நடக்க முடியும். உண்மையில் கவனிக்க வேண்டியது குளிரைவிடப் பகலின் நீளத்தைத்தான். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் அங்கே காலை 8.20 அளவில் சூரியன் உதித்து மாலை 3.45 மணிக்கெல்லாம் மறைந்துவிடும். ஏறத்தாழ ஏழரை மணி நேரப் பகல் மட்டுமே கிடைப்பதால், தொலைதூர ஊர்களைத் தவிர்த்து, ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் சென்று சேரக்கூடிய ஊர்களைத் தேர்ந்துகொள்வதும், வெளியில் பார்க்க வேண்டியவற்றை முற்பகலிலேயே பார்த்துவிட்டு இருட்டிய பின் அரும்பொருளகங்களுக்குள் நுழைவதும் நல்ல முறை. தேசிய அரும்பொருளகங்களின் நிரந்தரக் காட்சிகளுக்கு 2001 டிசம்பர் முதல் நுழைவுக் கட்டணம் இல்லாததால், மழைக்கு ஒதுங்குவதற்குக்கூட உள்ளே போய்வரலாம்.

செலவைப் பொறுத்தவரை, ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் தங்குமிடக் கட்டணம் கோடையைவிடக் குறைவாகவே இருக்கும். இரயிலில் 16 முதல் 25 வயது வரையுள்ளவர்களுக்கும், அதைக் கடந்திருந்தாலும் முழுநேர மாணவர்களாக இருப்பவர்களுக்கும் சலுகை அட்டை உண்டு. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும் தனி அட்டை இருக்கிறது. எந்த அட்டையானாலும் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். முன்பதிவுச் சீட்டுகளைச் சில வாரங்களுக்கு முன்பே வாங்கிவிட்டால் இன்னும் மலிவு. இரயில் கட்டணம் மிகையென்று தோன்றினால் நேஷனல் எக்ஸ்பிரஸ் போன்ற நெடுந்தூரப் பேருந்துகள் இருக்கின்றன. வார இறுதிகளில் தண்டவாளப் பராமரிப்புப் பணி நடப்பது அங்கே வழக்கம் என்பதையும், அத்தகைய நாள்களில் இரயிலுக்குப் பதிலாகப் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள் என்பதையும் அறிந்து முதல் நாளே விசாரித்துக்கொள்ள வேண்டும். டிசம்பர் 25ஆம் நாள் நாடு முழுவதும் இரயில் ஓடாது. மறுநாளும் மிகச் சில தடங்களில் மட்டுமே ஓடும். அந்த இரு நாள்களுக்கும் வீட்டில் அரிசி, பருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

இனி ஊர்களுக்கு வருகிறேன்.

லீட்ஸிலிருந்து கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான இரயில் பயணத்தில், பிராட்ஃபோர்டு நகரை அடுத்து, ஏர் ஆற்றங்கரையில் சால்ட்டேர் என்னும் சிற்றூர் இருக்கிறது. டைட்டஸ் சால்ட் என்ற கம்பளி ஆலை முதலாளி தம் பெயரையும் ஆற்றின் பெயரையும் சேர்த்துப் பெயரிட்டு இந்த ஊரை உருவாக்கினார். அவர் பிராட்ஃபோர்டு நகரத் தலைவராக இருந்த காலத்தில், 1849இல், புகையும் சாக்கடையும் நிறைந்த அந்நகரில் வாந்திபேதி பரவி ஏராளமான ஏழைகள் மாண்டனர். நகருக்கு வெளியே பெரிய ஆலையொன்றைக் கட்டி 1853இல் திறந்த அவர், அடுத்து வந்த ஆண்டுகளில் ஆலையைச் சுற்றி 800க்கு மேற்பட்ட கல்வீடுகள், பள்ளிக்கூடம், மருத்துவமனை, தேவாலயம், குளியல் கூடம், துணி துவைக்கும் கூடம், முதியோர் இல்லம், நூலகத்துடன் கூடிய கல்விக்கழகம் ஆகியவற்றையும் எழுப்பினார். தெருக்களுக்குத் தம் மனைவி மக்களின் பெயர்களைச் சூட்டினார். ஊருக்குள் மதுக்கடை வைக்க அனுமதிக்கவில்லை.

தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் இந்த ஊருக்குள் நுழைந்ததும் அதன் அமைப்பு யாரும் விளக்காமலே புரிந்துவிடும். சாதாரணத் தொழிலாளியின் வீடு நேராகத் தெருவில் திறக்கிறது; மேற்பார்வையாளரின் வீட்டுக்கு முன்னால் சிறு தோட்டம் இருக்கிறது; அதற்கும் மேற்பட்ட நிலையில் உள்ளவர்களின் வீடுகள் பெரிதாகிக்கொண்டே போகின்றன. நம் தோட்டங்களில் தொழிலாளர் வசித்த லயம், மேற்பார்வை பார்த்த மண்டோரின் வீடு, எழுத்தரான கிராணியின் வீடு, துரை பங்களா என்று படிப்படியாக இருந்த அதே ஒழுங்கு, கல்லில் கட்டப்பட்டு, நேர்த்தியாக, நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நிற்கிறது. என் கணவர் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்தவர். இது எந்தப் படியில் இருந்தவனுடைய வீடு என்று ஒவ்வொரு தெருமுனையிலும் அவர் சொல்லிக்கொண்டே வந்தார். ஊர் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த மகள் வியந்துபோனாள். மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் குளிர்காலத்தில்தான் இந்த வீட்டு வரிசைகள் முழுவதும் மறைவின்றித் தெரிகின்றன என்பதையும் குறிப்பிட வேண்டும்.

சால்ட்டைக் கொடைவள்ளல் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. வீடும் பள்ளியும் மருந்தும் கொடுத்தவர், தொழிலாளி எங்கே குடிக்கலாம், துவைத்த துணியை எங்கே காயப்போடலாம் என்பதையும் தாமே முடிவு செய்தார். வேலை கொடுப்பவனே வீட்டுக்கும் உரிமையாளனாக இருக்கும்போது, வேலை போனால் கூரையும் போய்விடும் என்ற அச்சம் எந்த நாட்டுத் தொழிலாளிக்கும் இருக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில் நம் மக்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கும், அதை எதிர்கொள்ளத்தான் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார் என்பதை அறிந்தவர்களுக்கும் இதை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு என்னை மிகவும் வருத்தியது. சால்ட்டேர் ஆலை 1986இல் மூடப்பட்டபோது ஊர் அழிந்துபோகவில்லை. ஆலைக் கட்டடம் மறு ஆண்டே ஜானத்தன் சில்வர் என்பவரால் வாங்கப்பட்டு, அவ்வட்டாரத்து ஓவியர் டேவிட் ஹாக்னியின் படைப்புகளைக் கொண்ட காட்சிக்கூடமாகவும் கடைகளாகவும் மாற்றப்பட்டது. 2001இல் யுனெஸ்கோ அவ்வூரை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. இங்கே நான் குழந்தையாக விளையாடிய லயம் இருந்த இடத்தில் இன்று ஒரு செங்கல்லும் இல்லை. வேலைக்குப் போனவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகை எங்கே இருந்தது என்று காட்டுவதற்குக்கூட ஆளில்லை. உழைப்பவர் வாழ்ந்த வீடும் வரலாற்றுச் சின்னமாகத் தகுதி உடையதே என்பதை நம் இளைஞர்கள் சால்ட்டேரின் தெருக்களில் நடந்தால் கண்ணால் கண்டுகொள்வார்கள்.

அடுத்து நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது லிவர்பூலையும் அதன் எதிர்க்கரையில் உள்ள போர்ட் சன்லைட்டையும். நம்மவர் லிவர்பூலுக்குப் போவது பெரும்பாலும் காற்பந்தாட்டத்துக்காக, அதில் தவறொன்றுமில்லை. ஆனால் அங்கே வரை போகிறவர்கள் மெர்சி ஆற்றின் துறைகளையும் பார்த்துவிட்டு வர வேண்டும். 1846இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் துறையின் பண்டகசாலைகள் தீப்பற்றாதபடி மரத்தைத் தவிர்த்துச் செங்கல், இரும்பு, கல் ஆகியவற்றாலேயே கட்டப்பட்டவை. தண்ணீரைச் சுற்றி அவை ஐந்து தட்டுகளாக எழும்பி நிற்கும் காட்சியும், ஆற்றின் மீதிருந்து அடிக்கும் குளிர்காற்றும் சேர்ந்து, இந்த நகரம் எதனால் செழித்தது என்ற கேள்வியை எழுப்பாமல் விடுவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் அடிமை வாணிபத்தில் ஈடுபட்ட பெருந்துறைமுகங்களுள் அது முன்னணியில் இருந்தது. அவ்வாணிபம் 1807இல் சட்டத்தால் தடுக்கப்பட்ட பின், அதே மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பனையெண்ணெயைப் பெருமளவில் இறக்குமதி செய்யும் துறைமுகமாக மாறியது. சவர்க்காரத்துக்கும் மெழுகுவர்த்திக்கும் ஆலை இயந்திரங்களின் மசகுக்கும் அந்த எண்ணெய் தேவைப்பட்டது.

கித்தா எனப்படும் இரப்பர் மரத்தின் கதையும் இந்தத் துறைமுகத்தைத் தொட்டுச் செல்கிறது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த ஏறத்தாழ 70,000 விதைகள் கப்பலில் லிவர்பூல் வந்து, அங்கிருந்து இரயிலில் லண்டன் அருகேயுள்ள கியூ பூங்காவுக்கு விரைந்து அனுப்பப்பட்டன. அவற்றில் சில ஆயிரம் மட்டுமே முளைத்தன. மறு ஆண்டு சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்ட 22 கன்றுகளில் ஒன்பது பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. அங்கே வேலியிட்டுக் காக்கப்படும் முதுமரத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பவர்கள் நம்மில் பலர். அதன் பின் விளைந்த இரப்பரும், மண்ணிலிருந்து எடுத்த ஈயமும் லிவர்பூல்காரர் ஆல்ஃபிரட் ஹோல்ட்டின் நீலப் புகைபோக்கிக் கப்பல்களில் பினாங்கு, சிங்கப்பூர் வழியாக இங்கிலாந்துக்குச் சென்றன. அந்த நிறுவனத்துக்காக எழுப்பப்பட்ட இந்தியா மாளிகை இன்றும் லிவர்பூலின் வாட்டர் வீதியில் ஒரு பெருங்கட்டடமாக நிற்கிறது. நம் பாட்டன்மார் ரஜூலா கப்பலில் தமிழகத்திலிருந்து வந்து இறங்கிய கதையை வீட்டுக்கு வீடு சொல்கிறோம். அவர்கள் எடுத்த பால் எந்தக் கப்பலில் ஏறி எந்தக் கரையில் இறங்கியது என்பதையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

லிவர்பூல் மையத்திலிருந்து ஆற்றுக்கு அடியில் 1886இலேயே அமைக்கப்பட்ட சுரங்க இரயில் பாதை வழியாக ஏறக்குறைய இருபது நிமிடம் பயணம் செய்தால் போர்ட் சன்லைட்டை அடையலாம். வில்லியம் லீவர் தம் சவர்க்காரத் தொழிலாளருக்காக 1888இல் தொடங்கிய ஊர் இது. சன்லைட் சவர்க்காரக் கட்டியைத் தோட்டத்துத் துவைகல்லில் தேய்த்துத் துவைத்த தலைமுறை நாங்கள்; அந்தப் பெயர் ஓர் ஊரின் இரயில் நிலையப் பலகையில் எழுதியிருப்பதைக் கண்டபோது எனக்கு உண்டான உணர்வை எளிதில் சொல்லிவிட முடியாது. சால்ட்டேரைப் போல ஒரே அச்சில் வார்த்த வீடுகளாக இல்லாமல், பல கட்டடக் கலைஞர்கள் வரைந்த வெவ்வேறு வடிவ வீடுகள் அகன்ற புல்வெளிகளைச் சுற்றி அமைந்துள்ளன. லீவர் தம் மனைவியின் நினைவாக எழுப்பிய ஓவியக்கூடம் 1922இல் திறக்கப்பட்டது. அதற்கு நுழைவுக் கட்டணம் இல்லை. மழை பெய்துகொண்டிருந்த பிற்பகலில் நாங்கள் நெடுநேரம் அங்கே இருந்தோம்.

அந்த அழகுக்கு வேண்டிய எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதுதான் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே நின்று கேட்க வேண்டிய கேள்வி. இங்கிலாந்துத் தொழிலாளிக்குத் தோட்டத்தோடு கூடிய வீடு கட்டித் தந்த அதே நிறுவனம், 1911இல் பெல்ஜிய அரசோடு உடன்படிக்கை செய்துகொண்டு காங்கோவில் பெரும் பனை நிலங்களைப் பெற்றது. அங்கே கட்டாய உழைப்பு நடந்ததை வரலாற்றாசிரியர்கள் ஆவணங்களோடு எழுதியுள்ளனர். ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1917இல், ஹென்றி ஃபோகோனியர் என்ற பிரெஞ்சுக்காரர் எங்கள் ஊர்ப்பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை இந்நாட்டிலேயே முதன்முறையாக வணிகப் பயிராக நட்டார். பிற்காலத்தில் லீவர் நிறுவனத்தின் வழிவந்த யூனிலீவருக்கு ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் வட்டாரத்தில் பாமோல் என்ற பெயரில் தோட்டங்கள் இருந்தன. அவை 2003இல்தான் கைமாறின. தோளில் வெட்டுக்கத்திக் கழியைச் சுமந்து நடந்த ஆண்களும், குனிந்த இடுப்போடு உதிரிப்பழம் பொறுக்கிய பெண்களும் ஒரு முனையில் என்றால், அந்த வணிகத்தின் மறுமுனையை இந்தச் சிற்றூரின் புல்வெளிகளில் காணலாம். இதைப் பழிசொல்வதற்காக எழுதவில்லை. எங்கள் ஊர் மாணவர் ஒருவர் அங்கே சென்று நிற்பது, வேறெந்த நாட்டுப் பயணி சென்று நிற்பதைக் காட்டிலும் பொருள் உள்ளது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஹல் நகரைப் பற்றி இங்கே எழுதுவோர் குறைவு. கீழ்க்கடற்கரையை ஒட்டிய அந்தத் துறைமுகத்துக்கு லீட்ஸிலிருந்து ஒரு மணி நேரம் ஆகிறது. அடிமை வாணிப ஒழிப்புக்காக நாடாளுமன்றத்தில் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் 1759இல் பிறந்த வீடு பழைய நகரின் குறுகிய தெருவில் அரும்பொருளகமாகக் காக்கப்படுகிறது. அடிமைமுறையை ஒழித்த சட்டம் 1833இல் நிறைவேறி மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தவுடனே, மொரிசியசின் கரும்புத் தோட்டக்காரர்கள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைத் தருவிக்கத் தொடங்கினர் என்பதும், அதே முறையில்தான் நம்மவர் பினாங்கின் பகுதியான செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டனர் என்பதும், மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலிமுறை 1910இல்தான் முடிவுக்கு வந்தது என்பதும் நம் பாடநூல்களில் ஓரிரு வரிகளில் வந்துபோகும் செய்திகள். சங்கிலிகளையும் கப்பல் படங்களையும் அந்த வீட்டில் பார்த்த பின் அந்த வரிகள் வேறுவிதமாக ஒலித்தன.

டர்ஹாமின் பேராலயம் 1093இல் கட்டத் தொடங்கப்பட்டது. ஆற்றின் வளைவுக்கு மேலே பாறைமீது அது நிற்கும் தோற்றத்தை இரயில் நிலையத்திலிருந்தே காணலாம். உள்ளே, நிலக்கரிச் சுரங்கங்களில் உயிர்நீத்த அவ்வட்டாரத் தொழிலாளர்களுக்காக 1947இல் வைக்கப்பட்ட நினைவுச் சின்னம் ஒன்று இருக்கிறது. ஆயர்களும் அருளாளர்களும் அடக்கமான இடத்தில் சுரங்கத் தொழிலாளிக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரால் சயாம் மரண இரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பிவராத நம் தோட்டத்து மக்களை அங்கே நினைத்துக்கொண்டேன். என் பாட்டியின் உடன்பிறந்தார் ஒருவர் அவர்களுள் ஒருவர்.

யார்க் நகரைப் பற்றி ஏராளமானோர் எழுதியிருப்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர் நீளமுள்ள அதன் பழைய மதில்மேல் கட்டணமின்றி நடந்து வரலாம். ஆனால் பனி உறைந்த நாள்களில் பாதுகாப்புக் கருதி அதை மூடிவிடுவார்கள். 1938இல் மணிக்கு 203 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி நீராவி இயந்திரங்களுள் சாதனை படைத்த மல்லார்டு என்ற இயந்திரம் அங்குள்ள தேசிய இரயில்வே அரும்பொருளகத்துக்கு உரியது. பேராலயத்தைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு. இருட்டும் வேளையில் பாடகர் குழுவோடு நடக்கும் மாலை வழிபாட்டில் அமர்வதற்குக் கட்டணம் இல்லை. எந்தச் சமயத்தவரும் அமரலாம். கோயில் மண்டபத்தில் தேவாரம் கேட்டு வளர்ந்தவர்கள் அந்த இசையின் பக்தியை உணர்ந்துகொள்வார்கள். கிறிஸ்துமஸ் சந்தைகள் என்று பல நகரங்களிலும் மரக்கடைகள் போடுகிறார்கள். ஒன்றைப் பார்த்தால் போதும், விலையும் அதிகம்.

மான்செஸ்டரில் 1830இல் திறக்கப்பட்ட லிவர்பூல்–மான்செஸ்டர் இரயில் பாதையின் நிலையம் இன்றும் நிற்கிறது. பேராலயத்தின் வெளியே 2019இல் காந்தியடிகளின் சிலை நிறுவப்பட்டுள்ளது. 1931 செப்டம்பரில் வட்டமேசை மாநாட்டுக்கு வந்திருந்த அவர், அந்நியத் துணி மறுப்பால் வேலையிழந்திருந்த லங்காஷியர் ஆலைத் தொழிலாளர்களை நேரில் சந்திக்க டார்வன் பக்கம் சென்றார். அவர்கள் அவரை அன்போடு வரவேற்றார்கள். அந்தச் செய்தியைப் பல ஆண்டுகள் வகுப்பில் கதையாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

உணவைப் பற்றிப் பெற்றோர் கவலைப்பட வேண்டியதில்லை. காலையில் புளிச்சோறோ எலுமிச்சைச் சோறோ கட்டிக்கொண்டு, சுடுநீர்க் குடுவையில் தேநீரும் எடுத்துச் சென்றால் மதியச் செலவு மிச்சம். மரக்கறி உண்பவர்களுக்கு, தோலோடு சுட்ட உருளைக்கிழங்கில் அவரை மசியல் ஊற்றித் தருவது எந்த ஊர்ச் சிற்றுண்டிக் கடையிலும் கிடைக்கும். பிராட்ஃபோர்டிலும் லெஸ்டரிலும் நம் நாவுக்கேற்ற உணவுக்குக் குறைவே இல்லை. பர்மிங்காம் பக்கம் செல்பவர்கள் டிவிடேலில் உள்ள வெங்கடேசுவரர் ஆலயத்தில் வழிபட்டு வரலாம்.

முக்கியமான வேறொன்றையும் சொல்ல வேண்டும். நவம்பர் தொடங்கி நாலு மணிக்கே இருட்டிவிடும் நாட்டில், வெயிலில் வளர்ந்த பிள்ளைகள் அறைக்குள் அடைந்துகொண்டு வாடிப்போகிறார்கள். எங்கள் மகளே முதல் குளிர்காலத்தில், நாங்கள் அங்குப் போவதற்கு முன், வகுப்பு நேரம் போக மீதியெல்லாம் அறையிலேயே முடங்கிக் கிடந்தாள் என்பதை அவளுடைய தோழியர் சொல்லித்தான் அறிந்தேன். தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் படிப்பைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் விசாரிக்கும் பெற்றோர், இந்த வாரம் எந்த ஊருக்குப் போனாய் என்றும் கேட்க வேண்டுகிறேன். வெளியில் சுற்றினால் படிப்புக் கெடும், பணம் கரையும் என்று அஞ்சி அவர்களைத் தடுக்க வேண்டாம். வாரத்தில் ஒரு பகல் வெளிச்சத்தில் நடப்பது அவர்களுடைய உடலுக்கும் மனத்துக்கும் அவசியம். தனியாகப் போகும் பெண்பிள்ளைகள் நண்பர்களோடு சேர்ந்து செல்வதும், திரும்பும் இரயிலின் நேரத்தை முன்பே குறித்துக்கொள்வதும் போதிய பாதுகாப்பாக அமையும். பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோர் ஒன்றை மறக்கக் கூடாது. குறுகிய காலப் பயணத்துக்கு மலேசியர்களுக்கு விசா தேவைப்படாவிட்டாலும், 2025 ஜனவரி முதல் மின்னணுப் பயண அனுமதியை முன்கூட்டியே பெற்றாக வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். ஞாயிறு பதிப்பின் சுற்றுலாப் பகுதியில், இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருக்கும் நம் மாணவர்கள் தாங்கள் வார இறுதியில் கண்டுவந்த ஊர்களைப் பற்றித் தமிழில் எழுதும் கட்டுரைகளுக்கு, வரும் அக்டோபர் முதல் மார்ச்சு வரை, வாரந்தோறும் அரைப்பக்கமாவது ஒதுக்கித் தர வேண்டும். பர்மிங்காமில் டன்லப் இரப்பர் நிறுவனத்தின் பழைய ஆலை, கியூவின் தாவரக் கூடங்கள், ஸ்டையலில் 1784இல் எழுந்த பஞ்சாலையும் அநாதைச் சிறுவர்கள் தங்கி உழைத்த விடுதியும் என்று நம் வரலாற்றோடு தொடர்புடையவையும் நம் வாழ்வை ஒத்தவையுமான இடங்கள் இன்னும் பல இருக்கின்றன. நான் பார்க்க முடியாதவற்றை அவர்கள் பார்த்து எழுதட்டும். லீட்ஸைச் சுற்றிய ஊர்களுக்கு நாங்கள் சென்ற வழித்தடங்கள், பயண நேரங்கள், கட்டணமில்லாத இடங்கள் ஆகியவற்றைக் குறிப்பேடாக எழுதி வைத்திருக்கிறேன். தாங்கள் விரும்பினால் அதன் படியை அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
பத்தாங் பெர்ஜுந்தை, சிலாங்கூர்.